பதின்மூன்று நாள் நின்ற நீர்

பல்லைப் பார்த்தே ஆளைப் படித்துவிடும் பல் மருத்துவரும், இந்தக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவருமான பெரியவர் அவர்களே! தீர்மானத் தாளை நனையாமல் நெஞ்சோடு அணைத்திருக்கும் செயலாளர் அவர்களே! நான்கு நாளாகத் தரையைத் துடைத்துத் துடைத்துத் தோள் சலித்த தாய்மார்களே! பிள்ளைகளின் பாடப்புத்தகங்களை மொட்டைமாடியில் காயவைத்துவிட்டு வந்திருக்கும் தந்தையரே! இரண்டாம் வரிசையில் என் முகத்தைப் பார்க்காமல் கைப்பையைத் திறந்து திறந்து மூடும் என் அக்காவே! அவள் பக்கத்தில் அமர்ந்திருக்கும் அத்தானே! எல்லோருக்கும் வணக்கம்.

என்னை ஏன் மேடையேற்றினீர்கள் என்று தெரியும். திங்கட்கிழமை விசாரணை. நம் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் நிலம் ஈரநிலமா, இல்லையா? அன்றைக்கு முடிவாகும். ஆறு ஆண்டுகளுக்கு முன், நம் வீடுகள் நிற்கும் இந்த முன்பக்க நிலத்தை அளந்து, 'ஈரநிலம் அல்ல' என்று எழுதியவள் நான். இரண்டும் ஒட்டிய நிலம்; அதனால் அதையே விசாரணையில் வந்து மறுபடி சொல் என்கிறீர்கள். சொன்னால் நம் பத்திரங்கள் பத்திரம்.

ஈரம் என்றால் என்ன?

குழந்தையைக் கேளுங்கள், காலை வைத்துப் பார்த்துச் சொல்லும். எருமையைக் கேளுங்கள், படுத்தே காட்டும். சட்டத்தைக் கேளுங்கள், மூன்று அடையாளம் கேட்கும். மண் வேண்டும். செடி வேண்டும். நீர் வேண்டும். இரண்டு இருந்து ஒன்று இல்லையென்றால் அது ஈரநிலம் இல்லை. நீங்கள் இடுப்பளவு நீரில் நின்றாலும் இல்லை.

சிரிக்காதீர்கள். சட்டத்தைத் திட்ட நான் வரவில்லை. கோட்டை எங்காவது போட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு மழைக்குத் தேங்கும் குட்டையையெல்லாம் காவல் காக்க முடியுமா?

மண்ணைத் தோண்டினேன். சாம்பல் நிறம், நடுவே துருப் புள்ளிகள், அழுகிய முட்டை நாற்றம். முதல் அடையாளம் சரி. செடியைப் பார்த்தேன். கோரை, நாணல், மறுபடி கோரை. இரண்டாவதும் சரி. மூன்றாவது நீர். செடி வளரும் பருவத்தில், தரைக்கு ஓரடிக்குள், தொடர்ந்து பதினான்கு நாள் நீர் நிற்க வேண்டும். துளையிட்ட குழாய் ஒன்றை மண்ணில் இறக்கி, தினமும் காலை ஒன்பது மணிக்கு அளவுநாடா விட்டுப் பார்த்தேன்.

நின்றது. பத்து நாள் நின்றது. பன்னிரண்டு நாள் நின்றது. பதின்மூன்று நாள் நின்றது.

பதினான்காம் நாள் காலை நீர் மூன்றடிக்குக் கீழே போயிருந்தது. பக்கத்துப் பள்ளத்தில் ஒரு டீசல் மோட்டார். தொட்டேன், சுட்டது. அருகில், அன்று இந்த வீடுகளைக் கட்டவிருந்த நிறுவனத்தில் மோட்டார் ஓட்டிக்கொண்டிருந்த என் அத்தான்.

"என்ன அத்தான், மோட்டார் போட்டீங்களா?"

"பள்ளத்துல அடைப்பும்மா. விடியக்காலைல இருந்து ஒரு மூணு மணி நேரம். அவ்வளவுதான்."

எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. மறுபடி பதின்மூன்று வரை வந்தது. மறுபடி மோட்டார்.

"இந்தத் தடவையும் அடைப்பா அத்தான்?"

"அடைப்புக்கு உன் கணக்கு தெரியுமா என்ன?"

தெரியாது. அடைப்புக்குத் தெரியாது. அத்தானுக்குத் தெரியும்! எப்படித் தெரியும்? தினமும் மாலை அக்காவின் அன்றைய வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்து, "இன்னிக்குப் பதினொண்ணுக்கா", "இன்னிக்குப் பன்னெண்டுக்கா" என்று நானேதான் சொன்னேன். புது வேலை. பெருமை பிடிபடவில்லை.

பருவம் முடிந்தது. என் அதிகாரியிடம் போய் நின்றேன்.

"சார், மோட்டார் வச்சு இறைச்சிருக்காங்க."

"படிவத்துல மோட்டாருக்குக் கட்டம் இருக்கா?"

"இல்ல சார்."

"தொடர்ந்து பதினாலு நாள் தண்ணி நின்னுச்சா?"

"இல்ல சார்."

"அப்ப அதை எழுதும்மா. உனக்கென்ன பஞ்சாயத்து?"

எழுதினேன். 'தொடர்ச்சி இல்லை.' ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை, பெரியோர்களே. உண்மையை மட்டுமே அடுக்கி ஒரு பொய்யைக் கட்ட முடியும் என்று இருபத்து நான்கு வயதில் கற்றுக்கொண்டேன்.

என்ன சொன்னீர்கள் அங்கே? சத்தமாகச் சொல்லுங்கள். "நீயும் இங்கதானே குடியிருக்கே, இறங்கும்மா கீழே!" ஆமாம் ஐயா, இங்கேதான், அக்கா வீட்டு மாடியில். இறங்குகிறேன். கீழே இன்னும் காயவில்லை, அதனால் மெதுவாகத்தான் இறங்க முடியும்.

இந்த ஆண்டு பின்பக்க நிலத்தில் லாரி லாரியாக மண் கொட்டினார்கள். அங்கே தேங்கிய நீருக்கு வேறு போக்கிடம் ஏது? நம் கூடத்துக்கு வந்தது. அக்கா வீட்டில் குளிர்சாதனப் பெட்டி மிதந்து போய்ச் சமையலறைக் கதவை அடைத்துக்கொண்டது. அத்தான் மோட்டார் போட்டார். அன்று மூன்று மணி நேரத்தில் இறங்கிய அதே நீர், இந்த முறை நாள் முழுக்க இறைத்தும் ஒரு விரல்கூட இறங்கவில்லை.

சற்று முன் நாம் என்ன செய்தோம்? தரை நனைந்திருக்கிறதென்று கால்களைத் தூக்கி நாற்காலிக் கட்டையில் வைத்துக்கொண்டு, 'இப்பகுதியில் ஈரம் இல்லை' என்று ஒருமனதாகக் கையொப்பமிட்டோம். வெட்கம் வேண்டாமா? வேண்டாம் என்கிறது பயம். முன்பக்கமும் ஈரநிலம்தான் என்று வந்துவிட்டால் வீடு செல்லாமல் போகுமே! அந்தப் பயத்தை நான் பழிக்க மாட்டேன். இன்று காலை அக்கா கேட்டாள்:

"நீ உண்மையச் சொன்னா எங்க வீடு என்னடி ஆகும்?"

"செல்லாமப் போகலாம்க்கா."

"சொல்லலன்னா?"

"பின்னாடி முழுசா நிரப்பிடுவாங்க. அடுத்த மழைக்கு மாடிக்குத்தான் ஏறணும்."

"ஏறிக்கறோம் போ. வீடாவது எங்க பேர்ல இருக்கும்ல?"

இதற்கு எந்தச் சட்டத்தில் பதில் இருக்கிறது?

அத்தான் எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் அத்தான். "எனக்குச் சொன்ன வேலையத்தானே செஞ்சேன்?" ஆமாம் அத்தான். நானும் சொன்ன வேலையைத்தான் செய்தேன். எனக்குச் சொன்னவரும் அப்படித்தான் சொல்வார். எல்லோரும் சொன்னதைச் செய்தோம். செய்தவர் என்று ஒருவர்கூட இல்லை. இப்படியே விட்டால் பின்பக்க நிலத்திலும் ஒரு குழாய் இறங்கும், இன்னொரு பெண் எண்ணுவாள், பதினான்காம் நாள் விடியலில் யாரோ ஒருவர் மோட்டாரோடு வருவார்.

ஆகவே திங்கட்கிழமை போவேன். படிவத்தில் கட்டம் இல்லாததையெல்லாம் வாயால் சொல்வேன். மோட்டாரை ஓட்டியது யார் என்று கேட்பார்கள். அத்தான் பெயரைச் சொல்வேன். எத்தனையாவது நாள் என்பதை அவருக்குச் சொன்னது யார் என்று கேட்க மாட்டார்கள். கேட்காவிட்டாலும் அதையும் சொல்வேன்.

கேட்ட காதுகளுக்கும், கேட்கப் பொறுக்காமல் எழுந்துபோன கால்களுக்கும் என் நன்றி. அக்கா, மாடி அறையைக் காலி செய்துவிட்டேன். மழைக்கு முன் நல்ல சாமான்களை அங்கே ஏற்றிவிடு.

வணக்கம்.