மணப்பெண்ணின் மொரிஸ் மைனர்

“பாக்கத்தான் மொரிஸ் மைனர் காரு, சம்பந்தியம்மா. உள்ள இருக்குறது ஜப்பான் வேன் இன்ஜினு.”

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்த மணப்பெண்ணின் தாய் இப்படிச் சொன்னார். கூறைச்சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் மாப்பிள்ளையின் தாய், கொஸ்லந்தைக்காரர்.

“என்ன இன்ஜினா இருந்தாலும் வண்டி பழசுதானுங்களே. கோயில் ஏத்தத்துல நின்னுட்டா எங்காளுக சிரிப்பாங்க. பண்டாரவளையில ஒரு நல்ல காரா வாடகைக்குப் புடிச்சிருவோம்.”

“நிக்காதுங்க. போன வாரம் நாங்க ஆறு பேரு ஏறி அந்த ஏத்தத்துலதான் போயிட்டு வந்தோம்.”

“எந்த கராஜுல மாத்துனீங்க?”

“கராஜா? தோட்டத்துல தேயிலக் கொழுந்து நிறுக்குற மடுவக் கொட்டகையிலதான். உத்திரத்துல சங்கிலிய மாட்டி, என்னோட கொழுந்தெடுக்குற பொம்பளைக எல்லாம் சேந்து இழுத்தோம். பழச எறக்குனது, இத ஏத்துனது, எடம் பத்தாம தகரத்த வெட்டி ஒட்டுனது, எல்லாம் என் மகதான். மெக்கானிக் வேல படிச்சவளாச்சே.”

பின் சீட்டில் நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளையின் தாய் சம்பந்தியம்மா பக்கம் திரும்பினார்.

“அப்ப கோயிலுக்கு யாரு ஓட்டுறது?”

“அவதான்.”

“பட்டுச்சேல கட்டிக்கிட்டா?”

“ஆமாங்க.”

“என் மகனுக்கு சைக்கிளே ஓட்ட வராது,” என்றார் அவர். பிறகு பையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார். “வாடகக் காரு வேணாம். தாலி கட்டுனதும் அவன முன்னால, அவ பக்கத்துல உக்கார வைங்க. கொஸ்லந்த கடைத்தெரு வந்ததும் மெதுவா ஓட்டச் சொல்லுங்க.”