அவர் சொல்லுவார்

— கையை எடு அது மேல இருந்து.

— எது மேல இருந்து?

— பானெட் மேல இருந்துதான். அஞ்சு நிமிஷமா தொட்டுத் தொட்டுப் பாக்கிற. புள்ளைக்குக் காய்ச்சலான்னு பாக்கிற மாதிரி.

— சூடா இருக்கான்னு பாக்கிறேங்க. பழைய வேன் விக்கிறவங்க, நாம வர்றதுக்கு முன்னாடியே வேனை ஓடவிட்டு வச்சிருந்தா, காலையில முதல் ஸ்டார்ட்ல வர்ற கோளாறு தெரியாமப் போயிடும். அவர் சொல்லுவார்.

— வந்துட்டாரா! வீட்ல இருந்து கிளம்பி அரை மணி நேரம் ஆச்சே, மகராசன் இன்னும் வாயைத் திறக்கலியேன்னு எனக்குக் கவலையாவே இருந்துச்சு.

— போய்ச் சேர்ந்த மனுஷனை இப்படிப் பேசாதீங்க.

— நான் எங்க பேசுறேன்? அவர்தான் பேசிக்கிட்டே இருக்கார். உன்னைக் கட்டி நாலு வருஷம் ஆச்சு. உன் முதல் வீட்டுக்காரர்கிட்ட நான் கேக்காத புத்திமதி இல்ல. உசிரோட இருக்கிற ஆளுன்னா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலாம். இவர்கிட்ட அதுக்கும் வழியில்ல.

— சார், மேடம், ரெண்டு வேனையும் பக்கத்துப் பக்கத்துல நிறுத்தியாச்சு. சும்மா சொல்லல, இந்தச் சிவப்பு நேத்துதான் நம்ம கடைக்கு வந்துச்சு. சீட் கவரைப் பாருங்க, முகம் பாக்கலாம்! ஏழு பேர் காலை நீட்டி உக்காரலாம்.

— இந்த சில்வர்?

— அது கொஞ்சம் பழசு மேடம். பக்கத்துக் கதவைத் தள்ளினா முனகும், பின்னாடி ஒரு நசுங்கல். சும்மா சொல்லல, ஓடும். ஆனா பாக்க லட்சணம் பத்தாது. நீங்க பாத்துக்கிட்டே இருங்க, நான் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்.

— போயிட்டு வாப்பா. நாங்க சிவப்பைத்தான் எடுக்கப் போறோம்.

— யார் சொன்னா?

— நான் சொன்னேன். இந்த வீட்ல உசிரோட இருக்கிற ஆம்பளையும் அப்பப்ப ஒண்ணு சொல்லலாம்ல?

— சில்வருக்கு என்ன குறை?

— உன் ஆல்பத்துல இருக்கே, இதே வேன், இதே கலர். மகராசன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, ஒரு கையைக் கதவு மேல வச்சு நிக்கிறார். நான் இதுல ஏறி உக்காந்தா அவர் மடியில உக்காந்த மாதிரி இருக்கும்.

— அந்த போட்டோவை எத்தனை தடவை பாத்தீங்க?

— நான் எங்க பாத்தேன்? ஆல்பத்துல தூசி தட்டினேன்.

— வீட்ல மத்த எந்தப் பொருளையும் நீங்க தட்டி நான் பாத்ததில்லையே. சரி, உங்க சிவப்புலயே ஏறுங்க. நடு சீட்ல உக்காருங்க. பெல்ட்டை இழுங்க.

— இழுத்துட்டேன்.

— இன்னும். கடைசி வரைக்கும்.

— இதுக்கு மேல இழுத்தா வேனே சுருங்கிடும்.

— அடியில பாருங்க. ஒரு கோடு தெரியுதா?

— ஏதோ காபி கொட்டின மாதிரி...

— சேறு. இந்த வேன் வெள்ளத்துல முங்கியிருக்கு. சீட் கவரைப் புதுசா மாட்டிடலாம், உள்ள சுருண்டு கிடக்கிற பெல்ட்டை யாரும் இழுத்துக் கழுவறதில்ல. சீட்டுக்கு அடியில கையை விட்டு அந்த போல்ட்டைத் தொட்டுப் பாருங்க.

— துரு. பொலபொலன்னு கையில வருது.

— ஒயரெல்லாம் இப்படித்தான் இருக்கும். ஒரு நாளைக்கு நடு ரோட்ல அப்படியே நிக்கும்.

— இதையும் அவர்தான் சொன்னாரா?

— அவர் சொல்லுவார்.

— அப்ப சிவப்பேதான்.

— என்னங்க இது?

— முங்கினா முங்கிட்டுப் போகட்டும். காலம் முழுக்க அவர் வேனை ஓட்டுற டிரைவரா இருக்கிறதுக்கு, என் சொந்த வேனைத் தள்ளிக்கிட்டே போறேன்.

— எதுக்கு வேன் வாங்க வந்தோம், ஞாபகம் இருக்கா? போன வாரம் உங்க தங்கச்சி வீட்டுக்கு எப்படிப் போனோம்? நானும் என் பசங்க ரெண்டு பேரும் ஆட்டோவுல, நீங்களும் உங்க பொண்ணும் பைக்ல, உங்க அம்மாவை இடமில்லன்னு வீட்லயே விட்டுட்டுப் போனோம். போற வழியில உங்க பொண்ணு என்ன கேட்டான்னு நீங்கதானே சொன்னீங்க?

— அது எதுக்கு இப்ப?

— சொல்லுங்க.

— "நாம எப்பப்பா அவங்க குடும்பத்துல சேருவோம்"னு கேட்டா.

— அதுக்குத்தாங்க வேன்.

— சரி. ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன், மறைக்காம சொல்லு. அவர் இங்க நின்னா எதை எடுத்திருப்பார்?

— சிவப்பு.

— என்னது!

— சீட் கவர் பளபளன்னு இருக்குல்ல, அதுலயே விழுந்திருப்பார். பானெட்டைத் திறக்கிற பிடி எங்க இருக்குன்னு கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாதுங்க. டயர் பஞ்சரானா இறங்கி நின்னு அதை சோகமாப் பாப்பார்.

— அப்ப பானெட் சூடு? பெல்ட்டு? போல்ட்டு?

— இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல பன்னெண்டு வருஷம் என்ன பண்ணினேன்? மோதின வண்டி, முங்கின வண்டி, எரிஞ்ச வண்டின்னு ஒவ்வொரு ரிப்போர்ட்டும் என் கையாலதானே போச்சு?

— நீ டைப்புதானே அடிச்ச?

— டைப் அடிக்கிறவளுக்குப் படிக்கத் தெரியாதா?

— அடிப்பாவி! அப்புறம் ஏன் எல்லாத்தையும் அவர் தலையில கட்டின?

— உங்களைக் கட்டின புதுசுல, பைக் செயின் தளர்ந்து கிடக்கு, பாருங்கன்னேன். "உனக்கென்ன தெரியும்"னு சிரிச்சீங்க. மறுநாள், "அவர் இருந்தா இப்படி விட்டு வைக்க மாட்டார்"னேன். தட்டுல பாதிச் சோறு இருக்க, எந்திரிச்சு ஓடினீங்க.

— ஓடினேன்.

— இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கீங்க. நம்ம வீட்ல ஒரு குழாய் ஒழுகுதா?

— மகராசன் மட்டும் நீ சொன்னதும் கேட்டுட்டாராக்கும்?

— அவர்கிட்ட, எங்க அப்பா சொன்னார்னு சொல்லுவேன்.

— உங்க அப்பா கணக்கு வாத்தியாராச்சே! சைக்கிள் கூட ஓட்டத் தெரியாதே!

— அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் மாமனார் மேல அப்படியொரு பொறாமை. நல்ல மனுஷன்தாங்க. உங்களை மாதிரியே.

— நாலு வருஷம்டி. கண்ணாடி முன்னாடி நின்னு, அந்த போட்டோவுல மாதிரியே பீரோ கதவு மேல கையை வச்சுக்கூடப் பாத்திருக்கேன்.

— தெரியும். என் சின்னவன் பாத்துட்டு ஓடி வந்தான். "அம்மா, இந்த அப்பாவும் அதே மாதிரி நிக்கிறார்"னான்.

— இரு, இரு. எப்பவும் கூப்பிடற மாதிரி "அங்கிள்"னு சொல்லல? "இந்த அப்பா"ன்னா சொன்னான்?

— "இந்த அப்பா"ன்னுதான் சொன்னான்.

— என்ன சார், முடிவு பண்ணியாச்சா? சும்மா சொல்லல, சிவப்புல உக்காந்ததுமே உங்க முகத்துல ஒரு களை வந்துடுச்சு! கண்ணெல்லாம் கலங்குதே!

— சில்வரை எடுத்துக்கறோம் தம்பி. பின் டயர் ரெண்டும் தேஞ்சிருக்கு, மாத்திக் குடுங்க. கதவு ஓடுற தடத்தைச் சுத்தம் பண்ணி கிரீஸ் வச்சா முனகாது. அப்புறம், அந்தச் சிவப்பு வெள்ளத்துல முங்கினதுன்னு வர்றவங்ககிட்ட சொல்லிடுங்க.

— ஐயோ மேடம், அது எனக்கே தெரியாது! சும்மா சொல்லல, இவ்வளவு நுணுக்கமா உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?

— வேற யாரு, எங்க வீட்டுக்காரர்தான். இதோ இருக்காரே, இவர் சொல்லுவார்.

— நான் ஒண்ணும் சொல்லலப்பா, எல்லாம் இவங்களுக்கே தெரியும். நீ இந்த போனைப் பிடி. அந்த சில்வர் கதவு மேல கையை வச்சு நிக்கிறேன், ஒரு போட்டோ எடு.