கசங்காத கார்டு

செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் செல்போனில் செய்தி பார்த்துச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரி செலவு ஏறிப்போச்சுன்னு காப்பீட்டுத் திட்டத்துக்கு கவர்மெண்டு இன்னும் பணம் ஒதுக்குதாம்க்கா."

"ஒதுக்கி இன்னா? எங்கூட்டு காப்பீட்டுக் கார்டு கசங்கவே இல்ல."

"மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தப்பகூட எடுக்கலியா?"

"அவருதான் வேணாம்னாரு. எடுத்தா அதுல இருக்கற பணம் தீந்துடும், நாளைக்கி உனக்கு எதுனா வந்தா வேணும்னாரு. மெடிக்கல்ல மாத்திர வாங்கிப் போட்டுக்குனே காலத்த ஓட்டினாரு."

"அய்யோ, தீந்தாலும் வருசா வருசம் திரும்ப வருமேக்கா!"

பெரியவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"எங்க ஊரு நர்சம்மாவும் அதான் சொல்லிச்சு. அவரு காரியத்துக்கு வந்தப்ப."