பேர் மாத்த முடியாதாம்

ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தன் தோழியிடம் சொன்னது காதில் விழுந்தது.

“ஏரோப்ளேன்காரனுக்குத்தான்கா என் பேரோட அருமை தெரியுது.”

“என்னாடி சொல்ற?”

“நானும் இவரும் பஜனை கோஷ்டியோட காசிக்கு ப்ளேன்ல போறோம் இல்ல? டிக்கெட் எடுத்த பிறகு மாமியாரு, ‘நீ வீட்டப் பாத்துக்கோ, என் பொண்ணு போவட்டும்’னாங்க. எங்க வீட்டுக்காரரும் தலையாட்டிக்கினு போயி கேட்டாரு. ஒருத்தர் டிக்கெட்டுல இன்னொருத்தர் ஏற முடியாதுன்னு ஏஜெண்டு சொல்லிட்டாரு. ‘அதே வீட்டுப் பொம்பளதானே சார்’னு இவரு கெஞ்சினாராம்.”

தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்புறம்?”

“மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு வந்து, ‘அலமேலு, பெட்டிய எடுத்து வை’ன்னாரு. கல்யாணமானதுலேர்ந்து ‘இந்தாடி’தான்கா. மொத தடவையா பேர் சொல்லிக் கூப்ட்டாரு.”

“நீ என்னா சொன்ன?”

“ஜன்னலோர சீட்டு எனக்குத்தான்னு சொல்லிட்டேன்.”