முதல் பயனர் திறந்த பக்கங்கள்

சாட்சியின் பெயரும் முகவரியும் பாதுகாப்புக் கருதித் தனித்தாளில் எழுதி, உறையிட்டு இணைக்கப்பட்டுள்ளன. பெண். வயது முப்பத்து நான்கு. தொழில், கணினி நிரல் எழுதுதல்.

நான் மேற்படி முகவரியில் என் கணவருடன் வசித்து வருகிறேன். இந்த வழக்கில் கைது செய்யப்பட்டிருப்பவர் என் கூடப்பிறந்த அண்ணன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. சொல்வது என்னவென்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

அண்ணனும் நானும் சைக்கிள் கடை ஒன்றின் மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தொழில் செய்து வந்தோம். பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் ஒன்றுதான் எங்கள் தொழில். திறந்திருக்கும் பக்கத்தில் உள்ளதைச் சத்தமாக வாசித்துக் காட்டும். அண்ணனுக்குக் கல்யாணமான புதிதில் அண்ணிக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. அண்ணி மொழிபெயர்ப்பு வேலை செய்பவர். வேலையை விட்டுவிடுவாரோ என்று பயந்து அண்ணன் சாப்பாடு தூக்கம் பாராமல் உட்கார்ந்து எழுதியதுதான் அது. பிறகு பார்வைக் குறை உள்ள வேறு பலரும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அதன் பிறகு நானும் சேர்ந்துகொண்டேன்.

விசாரணை அலுவலர் கேட்டதால் அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்கிறேன். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று பக்கத்தின் ஓரத்தில் தெரியும் பொத்தான். மற்றொன்று பின்னணி நிரல். அதற்குத் திரையில் முகமே கிடையாது, பிரவுசருக்குப் பின்னால் சத்தமில்லாமல் இருந்துகொண்டிருக்கும். சாதாரண இணையப் பக்கத்துக்குத் தன்னைத் தவிர வேறொன்றும் தெரியாது. எங்கள் பின்னணி நிரலுக்கு எல்லாப் பக்கங்களும் தெரியும், அவற்றில் எழுதியிருப்பதும் தெரியும், தானாகப் புதிய பக்கம் திறக்கவும் முடியும். வாசித்துக் காட்ட வேண்டுமே என்று பயனர்கள் முதலிலேயே அந்த அனுமதியைக் கொடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகு நாங்கள் உள்ளே எதை மாற்றினாலும், அந்த அனுமதிக்கு உட்பட்டதாக இருந்தால் மறுபடி கேட்க மாட்டோம்.

சென்ற வருடம் அண்ணன் அண்ணியின் கையை முறித்தார். அதன் பேரில் அண்ணியை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் அவருக்குத் தடை விதித்தது. அண்ணி வீடு மாறினார், போன் நம்பரை மாற்றினார், எங்கே இருக்கிறார் என்பதை எனக்கும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் வாசிப்பு எக்ஸ்டென்ஷனை மட்டும் அவர் விடவில்லை. ஒவ்வொரு சொல்லையும் எப்படி உச்சரிக்க வேண்டும் என்று வருடக்கணக்காக அதற்குச் சொல்லிக் கொடுத்து வைத்திருந்தார். அது இல்லாமல் அவருக்கு வேலை ஓடாது.

சம்பவத்தன்று காலை, வாசிக்கும் குரல் திக்குகிறது என்று ஓர் ஆசிரியர் புகார் எழுதியிருந்தார். காருக்கு டயர் மாற்ற வேண்டும் என்று சொல்லி அண்ணன் முன்கூட்டியே கிளம்பிவிட்டார். நான் புகாருக்குக் காரணம் தேடிப் பின்னணி நிரலைத் திறந்து வரி வரியாகப் படித்துக்கொண்டு வந்தேன். நடுவில் நான் எழுதாத சில வரிகள் இருந்தன. பயனரின் எண் இன்னதாக இருந்தால், அவர் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் எழுத்தையும் எங்கள் சர்வருக்கு நகல் அனுப்பு என்று அவை சொல்லின. ஒரே ஓர் எண்தான் இருந்தது. அது எங்கள் முதல் பயனரின் எண். அதாவது அண்ணி.

அதன் பிறகு சர்வரில் அந்த நகல்கள் சேரும் இடத்தைத் திறந்தேன். அண்ணியின் பக்கங்கள் வரிசையாக இருந்தன. வேலைக்கான பக்கங்கள், ஒரு சமையல் பக்கம், கைவலிக்கான உடற்பயிற்சிப் பக்கம், கண் மருத்துவமனையின் பக்கம் ஒன்று. அதில் அன்று மதியத்துக்கு அண்ணிக்கு மருத்துவரைப் பார்க்க நேரம் கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தை அண்ணன் அன்று காலை திறந்து பார்த்திருந்ததும் பதிவாகியிருந்தது.

மேசையில் இருந்த தண்ணீரைக் குடிக்கலாம் என்று எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறார். அவர் சந்தோஷமாகப் பேசினார். "அண்ணன் இன்னைக்கு அவளைக் கூட்டிட்டு வர்றானாம். மேல் ரூமைப் பெருக்கி வைக்கச் சொன்னான். கதவுக்குப் புதுசாத் தாழ்ப்பாள் வேற போட்டிருக்கான், ஆனா கிறுக்கன், வெளிப்பக்கமாப் போட்டு வச்சிருக்கான்" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். அம்மாவுக்கு அதற்கு மேல் எதுவும் தெரியாது என்பதை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அதன் பிறகு காவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து மருத்துவமனையின் முகவரியையும் அண்ணனின் கார் எண்ணையும் கொடுத்தேன். எதிர்முனையில் இருந்தவர், அங்கே என்ன நடந்தது என்று கேட்டார். இன்னும் நடக்கவில்லை என்றேன். தடை உத்தரவைப் பற்றிச் சொன்ன பிறகு ஆள் அனுப்புவதாகச் சொன்னார். அதன் பிறகு மருத்துவமனைக்குப் போன் செய்தேன். வரவேற்பில் இருந்த பெண் நோயாளிகளைப் பற்றி வெளியாரிடம் பேச முடியாது என்றார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை.

அண்ணி வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாரா என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அண்ணன் பார்த்த அதே இடத்தை நான் மறுபடியும் பார்த்தேன். அண்ணியின் வேலைப் பக்கம் ஒன்று அப்போதுதான் வந்து விழுந்தது. இன்னும் கிளம்பவில்லை.

புதிய பதிப்பு எழுதி அனுப்பினால் அது எக்ஸ்டென்ஷன்களை வழங்கும் இணையக் கடையின் சோதனை முடிந்து அவரிடம் போய்ச் சேர நாளாகும். ஆனால் எங்களிடம் அறிவிப்பு வசதி ஒன்று இருந்தது. சர்வர் பழுதாகும் நாட்களில் எல்லாருக்கும் சொல்வதற்காக வைத்தது. நாங்கள் எழுதி வைத்ததைப் பின்னணி நிரல் எடுத்துக்கொண்டு போய், புதிய பக்கமாகத் திறந்து, தானே வாசித்துவிடும். அதை அந்த ஒரு பயனருக்கு மட்டும் என்று மாற்றினேன். அவர் அனுமதி இல்லாமல் அவர் கணினியில் நுழைகிறேன் என்பது எனக்குத் தெரியும்.

எழுதத் தொடங்கிய பிறகுதான் இன்னொரு பயம் வந்தது. இதுவும் அண்ணனின் தந்திரம் என்று அவர் நினைத்துவிட்டால் என்ன செய்வது. ஆகவே கீழ்க்கண்டவாறு எழுதினேன். "அண்ணி, நான்தான். கைக்கட்டு போட்டிருந்தப்ப உங்களுக்குத் தலை பின்னிவிட்டேனே, கோணல் வாய்க்கால் மாதிரி இருக்குன்னு சிரிச்சீங்களே, அந்த நான்தான். இன்னைக்குக் கண் டாக்டர்கிட்ட போகாதீங்க. அண்ணன் அங்க இருக்காரு. இந்த எக்ஸ்டென்ஷன் வழியாத்தான் பாத்திருக்காரு. நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்குச் சொல்ல வேண்டாம். கதவைச் சாத்திட்டுப் போலீசுக்குப் பேசுங்க."

அதைச் சேமித்த கையோடு, நகல் அனுப்பும் வழியையும் சர்வரில் அடைத்தேன். அதற்கு மேல் அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. அண்ணி அதைக் கேட்டாரா, அதற்கு முன்பே கணினியை மூடிவிட்டுக் கிளம்பிவிட்டாரா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கீழே சைக்கிள் கடையில் யாரோ சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அண்ணனிடமிருந்து போன் வந்தது. அவர் கோபமாகப் பேசவில்லை. என்னைச் சின்ன வயதில் கூப்பிடுவதுபோல் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். "பாப்பா, சர்வர்ல ஏதோ கை வச்சிருக்க. எனக்கு இங்க ஒண்ணும் வரல" என்றார். அவருக்குப் பின்னால் நோயாளிகளை எண் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அவர் மருத்துவமனைக்கு உள்ளேயே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். போலீசார் வரும்வரை அவர் எழுந்து போகாமல் இருக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது.

ஆகவே எனக்கு ஒன்றும் புரியாததுபோல், குரல் திக்குவதாகப் புகார் வந்தது, பின்னணி நிரலைப் பார்த்தேன், இவ்வளவு பாரத்தை அது எப்படித் தாங்குகிறது என்று கேட்டேன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அண்ணனிடம் நிரலைப் பற்றிக் கேட்டால் நேரம் போவது அவருக்குத் தெரியாது. அவர் விளக்கத் தொடங்கினார். பக்கம் முழுவதையும் அனுப்பாமல் மாறிய பகுதியை மட்டும் அனுப்புவதாகவும், அண்ணியின் கணினி சூடாகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்ததாகவும் சொன்னார். நான் ம் கொட்டிக்கொண்டே இருந்தேன். நல்ல வேலைதான் என்றும் ஒருமுறை சொன்னேன்.

நடுவில் அவரே நிறுத்திவிட்டு, "அவளுக்குக் கண்ணு தெரியாது பாப்பா. தனியா எப்படி ரோடு தாண்டுவா? நான் பாத்துக்கிட்டதால தானே இத்தனை நாள் பத்திரமா இருந்திருக்கா" என்றார்.

"வெளிப்பக்கம் எதுக்குண்ணா தாழ்ப்பாள் போட்ட?" என்று கேட்டேன்.

யாரோ அவர் பெயரைச் சொல்லி, நீங்கள்தானா என்று கேட்கும் குரல் கேட்டது. அதன் பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அன்று மாலை சர்வரின் முழு நகலையும் நிலையத்தில் ஒப்படைத்தேன். அண்ணி பத்திரமாக இருக்கிறார் என்று பெண் காவலர் சொன்னார். அவர் இருக்கும் இடத்தை நான் கேட்கவில்லை. அம்மா அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

ஒன்றை மட்டும் கடைசியாகச் சொல்ல வேண்டும். எங்கள் எக்ஸ்டென்ஷனை யாராவது நீக்கினால் ஒரு பக்கம் திறந்து, ஏன் நீக்குகிறீர்கள் என்று கேட்கும். விரும்பினால் எழுதலாம். மறுநாள் அதைத் திறந்தபோது ஒரு பதில் இருந்தது. பெயர் இல்லை. சம்பவத்தன்று மதியம் எழுதப்பட்டது. "நீயும் பாத்துட்டுத்தான் இருந்தியா?" என்று கேட்டிருந்தது.

அந்தப் பக்கத்தில் பதில் எழுத வழி கிடையாது. ஆகவே என் பதிலையும் இதிலேயே பதிவு செய்யும்படி விசாரணை அலுவலரிடம் கேட்டுக்கொண்டேன். அன்று ஒருநாள் பார்த்தேன். அதற்கு முன் பார்த்ததில்லை.

இது எனக்கு உரக்க வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. என் அறிவுக்கு எட்டியவரை இதில் பொய் இல்லை, மறைத்ததும் இல்லை என ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
சாட்சி

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
விசாரணை அலுவலர்