எடுத்தாச்சு

இரப்பர்க் கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று அறியக் கருவி ஏதும் வேண்டியதில்லை, ஐயா. நம் மூச்சே போதும். உள்ளே ஊதி, மணிக்கட்டுப் பக்கத்தை முறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு விரலாகக் கன்னத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊசிமுனைத் துளையானாலும் காற்று கசிந்து கன்னத்தில் படும். எங்கள் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இதைக் கற்பித்து வந்தவன் நான்.

வாரம் ஒரு வகுப்பு. மின்சாரம் பிடித்தவரை வெறுங்கையால் தொடாதே. முதலில் இணைப்பைத் துண்டி. இயலாவிடில் காய்ந்த கட்டையால் தள்ளிவிடு. மூச்சில்லையேல் நெஞ்சின் நடுவே முப்பது முறை அழுத்தி இருமுறை ஊது. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதே. இவற்றைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

விடியலில் இறைவனைப் பத்துப் பாட்டால் வாழ்த்தாமல் நான் நீர் அருந்தியதில்லை. பழம்பாட்டில் தோய்ந்தவனுக்குச் சொல்லின் எடை தெரியும். ஆகவே பணிமனையில் ஒரு சொல்லை விலக்கி வைத்தேன். லைனைத் துண்டித்தாலும் ‘எடுத்தாச்சு’ என்பார்கள்; வேறோர் இடத்திலிருந்து லைனைக் கொண்டுவந்து கொடுத்தாலும் ‘எடுத்தாச்சு’ என்பார்கள். சிலேடை செய்யுளுக்கு அணி. ஏணிமேல் நிற்பவனுக்கு எமன். மேலே நிற்பவர் ‘அணைச்சாச்சா’ என்றே கேட்க வேண்டும். கீழே நிற்பவர் ‘அணைச்சாச்சு’ என்றே விடை தர வேண்டும். இது நான் வகுத்த விதி.

இறந்தவர் என் சகலை. மனைவியின் தங்கை கணவர். எங்களிடமே மின்பணியாளர். கெட்டவர் அல்லர். அவர் இருக்குமிடத்தில் சிரிப்பு இருக்கும். அந்தக் கடைசி வகுப்பிலும் இருந்தது.

“கரண்டுக்கே இலக்கணம் படிச்சவரு எங்க சகலை,” என்றார் எழுந்து நின்று. “ஷாக் அடிச்சவன்கிட்டப் போய், தம்பி, நீ அலறுனியே, அது குறிலா நெடிலான்னு கேட்டுட்டுத்தான் கட்டையைத் தேடுவாரு.”

நாற்பது பேர் சிரித்தார்கள். பின்வரிசையில் முதலாளியும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “வாத்தியார் பாடினது போதும்ப்பா. அடுத்த வாரத்துலேருந்து கிளாஸ நீயே எடு. இவனுங்க தூங்காமலாவது இருப்பானுங்க.”

அதை நான் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. ‘எடு’ என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் மதிய உணவு வேளை. கூடத்தில் இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன; சன்னல் வெயில் இருந்ததால் விளக்கும் எரியவில்லை. சுவரின் உச்சியில் இருந்த காற்றுப்போக்கி விசிறியின் இணைப்பைச் சீராக்கச் சகலை இரும்பேணியில் ஏறினார். வேறு யாரும் இணைப்புக் கொடுத்துவிடாதபடி மின்பெட்டியில் மாட்ட வேண்டிய அவருடைய பூட்டு, அவர் இடுப்பிலேயே தொங்கியது. சோதிக்க வேண்டிய டெஸ்டர் சட்டைப்பையில் இருந்தது. இவ்விரண்டையும் நான் குறித்துக்கொண்டேன்.

கீழே மின்பெட்டியருகே நான் நின்றேன். அதன் கைப்பிடிக்கு மூன்று நிலை. மேலே மெயின்; கீழே ஜெனரேட்டர்; நடுவில் ஒன்றுமில்லை. அடுத்த கூடத்துக்காக ஜெனரேட்டர் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடியை மேலிருந்து இறக்கினேன். நடுவில் நிறுத்தவில்லை.

“எடுத்தாச்சா சகலை?”

“முறையாக் கேளுங்க சகலை,” என்றேன். வாய்ப்புத் தராமல் நான் எதையும் செய்வதில்லை.

“ஐயோ, உயிரை எடுக்காதீங்க. பசிக்குது. எடுத்தாச்சா, இல்லையா?”

“எடுத்தாச்சு.”

ஜெனரேட்டரிலிருந்து லைன் எடுத்திருந்தேன். பொய் என் நாவில் ஏறியதில்லை.

அவர் அலறவில்லை. பிடித்த விரல்கள் இறுகிக்கொண்டால் குரலும் இறுகிவிடும். ஏணியின் கால் மட்டும் தரையில் சன்னமாகத் தாளமிட்டது. பதறுகிறவன் இரண்டாவது பிணமாவான் என்பது என் முதற்பாடம். நான் பதறவில்லை. அலமாரிவரை நடந்து கையுறைகளை எடுத்தேன். ஊதினேன். பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஓட்டை இல்லை. அணிந்துகொண்டு திரும்பி வந்து, கைப்பிடியை நடுநிலைக்குத் தள்ளினேன். அந்தக் கைப்பிடி பிளாஸ்டிக்கால் ஆனது. அதைத் தொடக் கையுறை வேண்டியதில்லை. அதையும் வகுப்பில் நானே கற்பித்திருக்கிறேன்.

கீழே விழுந்தவருக்கு முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை செய்தேன். என் சட்டை நனைந்துவிட்டது. ஓடிவந்தவர்கள், தெய்வம்போல் நின்று போராடினார் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். முதல் மூச்சைக் கையுறைக்குத் தந்துவிட்டு மிஞ்சியதை அவருக்குத் தந்தேன் என்பதை அவர்கள் அறியார்.

அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “அத்தான், நீங்க பக்கத்துலயே இருந்தீங்களே. செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சீங்கல்ல?”

“ஒண்ணு விடாம செஞ்சேம்மா,” என்றேன். அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதுவும் பொய்யன்று.

யாரும் என்னை ஐயுறவில்லை. நானாகக் காவல் நிலையத்துக்கு வந்ததற்குக் காரணம், உங்கள் அறிக்கையில் உள்ள ஒரு சொல். ‘விபத்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். பிழையான சொல்லை விட்டுவைக்க என்னால் இயலாது. அதை அடித்துவிட்டு, அறிந்தே கொன்றான் என்று எழுதுங்கள், கையொப்பமிடுகிறேன். பொய்யன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

இப்போதெல்லாம் விடியலில் பத்துப் பாட்டும் முடிவதில்லை. மூன்றாம் பாட்டிலேயே அடிகள் நழுவி, நாக்கு முப்பதுவரை எண்ணத் தொடங்கிவிடுகிறது. எண்ணி முடித்த அமைதியில் ஏணிக்கால் தாளமிடும். பிறகு, தலைக்கு மேலிருந்து, பசித்தவரின் அவசரத்தோடு அவர் கேட்பார்: “எடுத்தாச்சா சகலை?”

“எடுத்தாச்சு” என்பேன். அப்போதும் நான் பொய் சொல்வதில்லை.