எழுபத்தெட்டுச் சிங்கம்

ஹலோ... யாரு?... சத்தமாப் பேசுங்க, மிஷின் ஓடுது... இருங்க, வெளிய வாரேன்... ம், இப்பச் சொல்லுங்க... மதினியா? நான் செல்விதான். என்ன மதினி, வேலை நேரத்துல போனு? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லைல்ல?... சரி, சரி.

நான் குடுத்த படப் பெட்டியில இன்னைக்கும் சீட்டு எடுத்தீகளா?... ம்... அதே சீட்டா? பொம்பள ஒருத்தி சிங்கத்தோட வாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்காளே, அதுவா?... ஆறு நாளும் அதுவேவா. அப்படியா... இல்ல மதினி, சிரிக்கல. பிரஸ்ஸுல பேப்பர் தூசி, தொண்டையில போயிருச்சு.

பாத்துட்டு என்ன செஞ்சீக?... ஆமா, ஆமா, அப்படித்தான். இது குறி கேக்குற சீட்டு இல்ல. இங்க கம்ப்யூட்டர்ல டிசைன் போடுற ஆர்த்தி அக்கா, சீட்டோட வந்த புஸ்தகத்தப் படிச்சுச் சொன்னாக. படத்தப் பாத்துட்டு, மனசுல என்ன ஓடுதுன்னு நம்மளே நம்மளக் கேக்கணும், அம்புட்டுதான்... என்னது? ஆத்தா உத்தரவா? இருக்கன்குடி ஆத்தாளுக்கு மொட்ட போடுறதா நேந்துக்கிட்டீகளா? ஐயோ மதினி, வேண்டாம்... முடிய விட்டுருங்க... நான் ஒண்ணு சொல்லுதேன், திட்டக் கூடாது.

அந்தச் சீட்டு பம்பாய் பார்ட்டி ஆர்டர்னு சொன்னேன்ல. மொத்தம் எழுபத்தெட்டுப் படம். டேபிள்ல எழுபத்தெட்டு அடுக்கு இருக்கும், அடுக்குக்கு ஒண்ணா எடுத்துப் பெட்டி போடணும். கலர் மங்குனதக் கழிச்சுப் போட்டாக. அதுல உங்களுக்கு ஒரு பெட்டி கேட்டுத்தான் எடுத்தேன்... ஆனா உங்க பெட்டிக்கு மட்டும்... எல்லாத்தையும் கழிச்சுப் போட்ட சிங்க அடுக்குல இருந்தே அள்ளிட்டேன்... ஆமா. எழுபத்தெட்டும் சிங்கந்தான்.

பெறகு என்ன செய்ய? பால்வாடி டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ கார்டு வந்தா, அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வைக்கீக. அம்மாகிட்டச் சொல்லன்னு போவீக, "அத்தை, காப்பி போடவா"ன்னுட்டுத் திரும்பிருவீக. நானும் சீசன் வேலைன்னு இங்கன திருத்தங்கல்ல சித்தி வீட்டுல கெடக்கேன். கூட நின்னு பேச முடியுதா? பத்தாவது பாஸான நீங்க காலம்பூரா மத்தாப்புப் பெட்டி அடைக்கீகளேன்னு எனக்கு ஆத்தாமையா இருந்துச்சு, மதினி... சிங்கம் யாருன்னு வேற நான் சொல்லணுமா? என்னைப் பெத்த சிங்கந்தான்.

ஹலோ?... ஏன் சிரிக்கீக?... என்னது?... தெரியுமா? எப்ப?... மொத நாளே... கொட்டி எண்ணுனீகளா. அட, ஆமால்ல. பெட்டி அடைச்ச கையில பெட்டியைக் குடுத்தா எண்ணாம இருக்குமா. எனக்கு அது ஓடல பாருங்க... அப்ப மொட்டைன்னது?... என் வாயைக் கிண்டவா. நல்லா இருக்கு.

சரி, தெரிஞ்சும் ஏன் தினம் எடுத்தீக?...

ம்...

ம்... சிங்கத்தப் பிடிச்சு நிக்கிற அவளப் பாக்கையில தெம்பா இருந்துச்சா... அழாதீக மதினி. நானும் அழுதா இங்கன சூப்பர்வைசர் வந்துருவாரு.

அம்மாகிட்டச் சொன்னீகளா, இல்லையா? இன்னைக்குத்தான இன்டர்வியூ?... பெட்டியை அம்மாகிட்டயே நீட்டுனீகளா? "நீங்களே எடுத்துப் பாருங்க அத்தை"ன்னா? அடப்பாவி மதினி... கை கால் கழுவி, துன்னூறு பூசிட்டு எடுத்துச்சா... மூணு தடவையும் சிங்கம். பெறகு?... "போயிட்டு வா தாயி, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்"னா? எங்கம்மா வாயில இருந்தா?... இப்ப எங்கன நிக்கீக?... சூலக்கரையிலயா! கலெக்டர் ஆபீசு வாசல்லயா! மதினி, இத மொதல்லயே சொல்லக் கூடாதா. சர்டிபிகேட்டு எல்லாம் எடுத்தீகளா?... சாப்பிட்டீகளா?... ஒத்த ரூவா போனா, சரி, சீக்கிரம் சொல்லுங்க. இன்னொண்ணா, என்ன?

ம்... அம்மா பெட்டியத் திருப்பித் தரலையா... சாமி படத்துக்கிட்ட வச்சிருக்கா... நீங்க கெளம்பு முன்ன மறுபடி எடுத்துச்சா. எதுக்கு?... எனக்கா? என்ன எனக்கு?... எந்த மாப்பிள்ள?... கல்யாண வீட்டுல பாயாசத்துக்கு மூணு வாட்டி கை நீட்டுனாகளே, சாத்தூரு செழியன், அவுகளா? நான்தான் ஆறு மாசமா ஆகாதுன்னு சொல்லிக்கிட்டு இருக்கேனே... அவுகள நெனச்சு எடுத்துச்சா. மூணு தடவையும்...

மதினி, சிங்கத்தோட நிக்கிறவ பகவதி, இது அவ உத்தரவுன்னு நெனச்சிருச்சா எங்கம்மா. வரச் சொல்லி ஆளு விட்டாச்சா?... வேண்டாம், மதினி. வீட்டுக்குப் போனதும் மொத வேலையாப் பெட்டியக் கொட்டிக் காமிங்க. எல்லாம் ஒரே சீட்டு, கழுத செல்வி செஞ்ச வேலைன்னு...

...

ஆமா. ஆமால்ல. அதக் காமிச்சா உங்களப் போகச் சொன்ன வாக்கும் போயிரும்.

கூப்பிடுதாகளா? உங்க பேரா?... இருங்க, வச்சிராதீக. கேளுங்க. அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதீக... சொல்லாதீகன்னா சொல்லாதீக. எனக்கு என்ன, வந்து பாத்துட்டுப் போறாக. ஆகாதுன்னு அவுக மூஞ்சிக்கு நேராவே நான் சொல்லிக்கிடுதேன். நீங்க போயி நல்லாப் பதில் சொல்லிட்டு வாங்க, டீச்சர்... என்னைக்கு வாராகளாம்?... வெள்ளிக்கிழமையா?

சரி. வெள்ளிக்கிழம காலையில அந்தப் பெட்டியில இருந்து தெம்புக்கு எனக்கும் ஒரு சீட்டு எடுத்து வைங்க... எதுன்னு பாத்தெல்லாம் எடுக்க வேண்டாம் மதினி, எது வந்தாலும்...

ஹலோ?... ஹலோ?